இரண்டு லிஸ்டோபாட், ஒரு சம்பந்தம்

சமோபோர்,
பன்னிரண்டாம் மாதம்.
(மாதத்தின் பெயரை எழுதப் பயமாக இருக்கிறது.)

மரியாதைக்குரிய லியெர்கா அக்காவுக்கு, தம்பி ஃப்ராஞ்சோ பணிவோடு எழுதுவது. இங்கு நானும் ஸ்டெஃபிட்சாவும் நலம், மகள் டுன்யா நலம், மிச்சமிருக்கிற பன்றியும் நலம். உன் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டாலும் நல்லதுதான், இதைப் படித்த கையோடு நீ ரயிலேறி இங்கே வந்துவிட மாட்டாய்.

நீ மாப்பிள்ளையாகப் பார்த்து அனுப்பிய பல் டாக்டர் டிஹோமிரின் அம்மா உன்னிடம் வந்து கொட்டியிருப்பாள். அவள் சொன்னதில் பாதி பொய். மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

கடற்கரை ஹோட்டலில் வேலை பார்த்தபோது டுன்யா ஒரு போலந்துப் பையனைப் பிடித்துக்கொண்டாள், பெயர் பார்டொஷ், உனக்குத் தெரிந்ததுதான். பெண் பார்க்க வருவதாக அவன் அப்பா செஸ்வாவ் எழுதினார்: லிஸ்டோபாட், இரண்டாவது சனிக்கிழமை. படித்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர்கள் பாஷையிலும் இலை உதிர்கிற மாதத்துக்கு நம்முடைய அதே பெயர். இடையில் அகராதி எதற்கு, மொழிபெயர்ப்பாளன் எதற்கு என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். நம் லிஸ்டோபாட், அதாவது அக்டோபர், இரண்டாவது சனிக்கிழமை வந்தது, குட்டிப் பன்றியைச் சுட்டாயிற்று, தம்புரா வாசிக்கிற பாட்டுக்காரர்கள் வந்தாயிற்று, தெருவே வந்து தின்றுவிட்டுப் போயிற்று, போலந்திலிருந்து மட்டும் ஒரு ஈகூட வரவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டே நின்ற டுன்யா, பாட்டுக்காரர்கள் போகும்வரை சிரித்த முகமாக இருந்துவிட்டு, அப்புறம் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பத்து நாள் கழித்து பார்டொஷிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பிரிக்காமலே அடுப்பில் போட்டாள். அந்தச் சூட்டில்தான், அக்கா, உன் டிஹோமிரை வரச் சொன்னேன். வரச் சொன்ன நாள் நவம்பரில் இரண்டாவது சனிக்கிழமை.

டிஹோமிர் நல்ல பையன்தான், குறை சொல்ல மாட்டேன். உட்கார்ந்ததும் டுன்யா மரியாதைக்குச் சிரித்தாள். அவன் குனிந்து பார்த்து, "கடைவாயில சொத்தை இருக்கு, கவனிக்கணும்" என்றான். அதற்குப் பிறகு அவள் வாயையே திறக்கவில்லை. ஸ்டெஃபிட்சா சீஸ் வைத்த ஷ்ட்ருக்லியைப் பரிமாறிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு கார் ஹாரன் அடித்தது. கோட்டு சூட்டோடு ஒரு பெரியவர், தொப்பி வைத்த ஒரு அம்மாள், நடுவில் பார்டொஷ். பெரியவர் செஸ்வாவ் நேராக உள்ளே வந்து, டாக்டரின் அம்மாதான் பெண்ணின் அம்மா என்று நினைத்து, அவள் கையை எடுத்து முத்தம் கொடுத்து, பூங்கொத்தையும் ஓட்கா பாட்டிலையும் அவள் மடியில் வைத்துவிட்டார். டிஹோமிரைப் பெண்ணின் அண்ணன் என்று நினைத்துக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். அவனும் வாயில் ஷ்ட்ருக்லியோடு தொங்கினான்.

டுன்யா எழுந்து வந்தாள். "ஒரு மாசம் கழிச்சு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வந்தே?"

"சொன்ன நாளுக்குத்தானே வந்திருக்கேன். என் லெட்டருக்கு நீதான் பதிலே போடல."

"அடுப்புக்குப் போட்டேன். அது படிச்சிருக்கும்."

நான் குறுக்கே விழுந்தேன். "லிஸ்டோபாட்னு எழுதிட்டு இப்ப வந்தா என்ன சம்பந்தி அர்த்தம்?"

"இது லிஸ்டோபாட்தானே?" என்றார் செஸ்வாவ்.

"அது போன மாசமே முடிஞ்சுபோச்சே."

"எப்படி முடியும்? இப்பத்தான ஆரம்பிச்சுது" என்று பையிலிருந்து தங்கள் ஊர்க் காலண்டரை எடுத்து நீட்டினார். பதினொன்றாம் பக்கம், நவம்பர், அதன் தலையில் லிஸ்டோபாட். ஆனாலும் நான் விடவில்லை. "உங்க ஊர்லதான குளிர் முதல்ல வருது? இலையும் முதல்ல அங்கதான விழணும்?"

அவர் யோசித்தார். "எங்க மரங்க எதையும் லேசுல விட்டுக்குடுக்காது" என்றார்.

டுன்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சொத்தைப் பல் தெரியவே சிரித்தாள். டிஹோமிர் இன்னொரு தட்டு கேட்டான், அவன் அம்மா அவனைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பூங்கொத்தோடும் ஓட்காவோடும்தான் போனாள். நீ அதைத் திருப்பிக் கேட்க வேண்டாம். ஓட்காவைக் கேட்டுப் பார்.

கல்யாணம் அரிவாள் மாதத்தில். நமக்கு அது ஜூலை. கிட்டத்தட்ட அதே பெயர் அவர்களுக்கு ஆகஸ்டாம். இந்தத் தடவை நான் ஏமாறவில்லை. பெண் வீட்டுக்காரன் பெருந்தன்மையாக இருக்கட்டும் என்று அவர்கள் கணக்குப்படியே ஆகஸ்டுக்கு மண்டபம், பாதிரியார், பாட்டுக்காரர் எல்லாம் சொல்லியாயிற்று. இனி ஒரு குழப்பமும் இல்லை. கோபத்தை விட்டுவிட்டு, மாமாவையும் கூட்டிக்கொண்டு நீ வந்து முன்னால் நிற்க வேண்டும். கடவுள் உனக்கு நல்ல முழங்காலும் எங்களுக்கு உன் நல்ல மனசும் தரட்டும்.

இப்படிக்கு,
உன் திட்டுக்குக் காத்திருக்கும் தம்பி,
ஃப்ராஞ்சோ

பி.கு.: இதை ஒட்டுவதற்குள் சம்பந்தியிடமிருந்து கடிதம் வந்தது. பிள்ளை வீட்டுக்காரர் பெருந்தன்மையாக இருக்கட்டும் என்று அவர் நம் கணக்குப்படி ஜூலைக்கு பஸ் பிடித்து, சொந்தக்காரர் எல்லோரையும் லீவு போடச் சொல்லிவிட்டாராம். டுன்யா அதை இரண்டு முறை படித்தாள், கோட்டை மாட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போனாள். தைரியம் வராமல் கடிதத்தை ஒட்டாமலே வைத்திருந்தேன். சற்று முன் போலந்திலிருந்து டுன்யாவின் தந்தி: "கல்யாணம் முடிந்தது. இருவரும் நலம். எந்த மாதம் என்று இரண்டு அப்பாக்களுக்கும் சொல்வதாக இல்லை."