அன்ரனின் வாக்கு

திரேசம்மா உயர்த்திய கையை யோகராசா எண்ணவில்லை.

கோடை ஒன்றுகூடலுக்குப் புரியாணியா, சோறும் கறியுமா என்பதுதான் கேள்வி. பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபம். திருகோணமலைப் பக்கத்துப் புன்னைமுனைக் கிராமத்திலிருந்து மொன்ட்ரியாலுக்கு வந்து சேர்ந்தவர்களின் ஒன்றியம் அங்கேதான் கூடும். சோறு கறிக்கு எழுந்த கைகளைத் தலைவர் யோகராசா விரல் நீட்டி எண்ணிக்கொண்டு வந்தார். திரேசம்மாவின் கைக்கு வந்ததும் விரல் ஒரு துள்ளுத் துள்ளி அடுத்த கைக்குப் போய்விட்டது.

சாப்பாட்டோடு முடிந்திருந்தால் திரேசம்மா பேசாமல் இருந்திருப்பார். அடுத்து எடுக்கவிருந்தது கல் விஷயம். போரில் செத்த ஊரவர்களின் பெயர்களைப் பொறித்து இங்கே ஒரு சவக்காலையில் நினைவுக்கல் வைக்கப் போகிறார்கள். அதில் அன்ரனின் பெயரும் வரவேண்டும் என்பது யோகராசாவின் பிரேரணை. அன்ரன் திரேசம்மாவின் ஒரே மகன். தொண்ணூறாம் ஆண்டு ஒரு விடியற்காலை இராணுவச் சுற்றிவளைப்பில் பிடிபட்டுப் போனவன்; பிறகு ஒரு தகவலும் இல்லை. யோகராசாவின் தம்பி ஜெறோமும் அதே வாகனத்தில்தான் ஏற்றப்பட்டான். ஜெறோமுக்கு யோகராசா எப்போதோ பூசை வைத்து முடித்துவிட்டார். திரேசம்மா வைக்கவில்லை. பிளாஸ்ரிக் உறை போட்ட மகனின் படத்தைத் தூக்கிக்கொண்டு, ஒட்டாவா வரைக்கும், அவர் போகாத ஊர்வலம் இல்லை. "அன்ரன் வருவான் அக்கா" என்று சொல்லாமல் ஊரவர் எவரும் அவரைக் கடந்து போனதுமில்லை.

"அவன்ரை பேரைப் பற்றி என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை," என்றார் திரேசம்மா. அவ்வளவுதான் சொன்னார்.

செயலாளர் கிருபானந்தனுக்கு அது போதுமாக இருந்தது. ஊரில் அவர் சரித்திர வாத்தியார். இங்கே மொன்ட்ரியால்-நோரில் பாண் சுடுகிற ஒரு தொழிற்சாலையில் வேலை. பாணுக்குச் சரித்திரம் படிப்பிக்க முடியாது, அதனால் அகப்பட்ட மனிதர்களுக்கெல்லாம் படிப்பிப்பார். எழுந்து நின்று, அக்காவின் கையை ஏன் எண்ணவில்லை என்று கேட்டார்.

யோகராசா விதியை நினைவுபடுத்தினார். ஊர் மீனவர் சங்கத்திலிருந்து அப்படியே கொண்டுவந்த விதி. ஒரு குடும்பத்துக்கு ஒரு கை. அது குடும்பத் தலைவனின் கை. அவர் கண்ணை மூடினால் மூத்த மகனுக்குப் போகும்.

"அக்காவின்ரை மனுசன் செத்தாப் பிறகு அந்த வீட்டு வோட்டு அன்ரன்ரை வோட்டு. அவன்ரை மரணச் சான்றிதழைத் தந்தால் அக்காவுக்கு மாத்தி விடலாம்."

கிருபானந்தனுக்குப் பத்திக்கொண்டு வந்தது. மகன் சாகவில்லை என்று சொல்லத் தாய்க்கு வாக்கு வேண்டும். வாக்கு வேண்டுமென்றால் மகன் செத்துவிட்டான் என்று தாய் எழுதிக் கொடுக்க வேண்டும். இது என்ன அநியாயம் என்று கேட்டவர், அதோடு இருந்திருக்கலாம்.

"இங்கிலாந்திலை ஒரு காலத்திலை, ஆளே இல்லாத மண்மேட்டுக்கு ரெண்டு எம்.பி. இருந்தவை. பெரிய நகரங்களுக்கு ஒருத்தரும் இல்லை. 1832இலைதான் அந்தக் கூத்தை ஒழிச்சவங்கள். இதுவும் அதுதான். ஆள் இல்லாத அன்ரனுக்கு வோட்டு, ஆள் இருக்கிற அக்காவுக்கு இல்லை."

மண்மேடு என்ற சொல் வாயை விட்டுப் போன பிறகுதான், தான் சொன்னது என்னவென்பது அவருக்கே விளங்கியது. திரேசம்மா படத்தைப் பைக்குள் வைத்து இழுத்து மூடினார். கல் விஷயம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போனது.

வாயால் கெடுத்ததைச் செயலால் சரிக்கட்ட வேண்டும் என்று, பதினெட்டு வயதான எல்லோருக்கும் ஆளுக்கொரு வாக்கு என்ற பிரேரணையோடு கிருபானந்தன் நிர்வாகக் குழுவுக்குப் போனார். பெண்களுக்கு வாக்குக் கொடுக்கப் பிரித்தானியா 1918 வரைக்கும் இழுத்தடித்ததையும், அப்போதுகூட முப்பது வயது ஆகவேண்டும் என்று நிபந்தனை போட்டதையும் சேர்த்து ஒரு நீண்ட பேச்சு வைத்திருந்தார். பேச விடவில்லை. யோகராசா தேத்தண்ணியை ஊதிக்கொண்டே, நல்ல விஷயம்தானே, செய்வம் என்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவி சுதாஜினியிடம் பெருமையாகச் சொன்னார். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"யோகண்ணைக்கு இவ்வளவு நாளும் ஒரு கை. ஆத்துக்கு அங்காலை புரோசார்ட்டிலை அவரின்ரை ஆக்கள் ஒரு தெரு முழுக்க இருக்கினம். இனி வான் பிடிச்சு வந்து இறங்குவினம். பாதையைத் திறந்து விட்டது நீங்கள்."

கிருபானந்தனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அடுத்த நாள் பாண் தட்டுகளை அடுக்கும்போது 1872 ஞாபகம் வந்தது. அதுவரைக்கும் இங்கிலாந்தில் எல்லோருக்கும் முன்னால் நின்றுதான் வாக்கைச் சொல்லவேண்டும். நிலச்சொந்தக்காரனுக்குப் பிடிக்காததைச் சொன்னால் குடியிருந்த வீடு போய்விடும். அதற்காகத்தான் இரகசிய வாக்கு வந்தது. புரோசார்ட்காரரும் கல்யாணம், வீடு, வேலை எல்லாவற்றுக்கும் யோகராசாவின் முகத்தைப் பார்க்கிறவர்கள். ஒரு மறைப்புக்குப் பின்னால் விட்டால் மனச்சாட்சிப்படி போடுவார்கள். யோகராசா இதற்கும் ஓம் என்றார்.

கிருபானந்தன் மூன்று மாடி ஏறித் திரேசம்மாவுக்கு விஷயத்தை விளக்கப் போனார். அவர் கவனமாகக் கேட்டார்.

"ஆர் என்ன போட்டதெண்டு தெரியவராதோ?"

"வராது அக்கா."

"யோகராசாவுக்கும்?"

"அவருக்கும்தான்."

"உங்களுக்கு?"

"கடவுளுக்குக்கூடத் தெரியாது அக்கா."

திரேசம்மா சுவரிலிருந்த யேசுநாதரை ஒருதரம் பார்த்தார். "அவருக்குத் தெரிஞ்சால் பரவாயில்லை," என்றார்.

பாவம், மனுசி யோகராசாவுக்கு இந்தப் பயம் பயப்படுகிறதே என்று கிருபானந்தன் மனம் நொந்தார். படியிறங்கும்போது, அன்ரன் வருவான் அக்கா, நம்பிக்கையை விடாதேங்கோ என்றார்.

"ஓம், நீங்களும் சொல்லுறியள்," என்று திரேசம்மா கதவைச் சாத்திக்கொண்டார்.

மறைப்புக்காகக் கிருபானந்தன் கடலாமைப் படம் போட்ட குளியலறைத் திரை ஒன்றை மலிவாக வாங்கி வந்தார். சுதாஜினி அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"அந்த மனுசியின்ரை முகத்துக்கு முன்னாலை ஆர் கை தூக்குவினம்? பழைய மாதிரி விட்டிருந்தால் ஒருத்தரும் தூக்கியிருக்க மாட்டினம். வெக்கப்படாமல் போடுறதுக்கு நீங்கள் திரை வாங்கிக் குடுக்கிறியள்."

கிருபானந்தன் திரையை மடித்துத் திரும்ப உறைக்குள் வைத்தார். ஆனால் அறிவித்தல் எல்லோருக்கும் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை புரோசார்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு வான்கள் வந்தன. அன்ரனின் பெயர் கல்லில் வரவேண்டுமா? ஓம் அல்லது இல்லை என்று எழுதி மடித்து மாம்பழப் பெட்டிக்குள் போட வேண்டும். வந்தவர்கள் திரேசம்மாவின் கையைப் பிடித்து, அன்ரன் வருவான் அக்கா என்று சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போனார்கள். திரேசம்மாவின் முறை வந்தது. உள்ளே போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. கடலாமைகளுக்குக் கீழே அவருடைய சப்பாத்துகள் அசையாமல் நின்றன. யாரோ செருமினார்கள். பிறகு திரேசம்மா வெளியே வந்து, மடித்த துண்டைப் பெட்டிக்குள் போட்டு, போய் இருந்துகொண்டார்.

சட்டம் படிக்கிற தக்ஷினி துண்டுகளைப் பிரித்து வாசித்தாள். ஓம். ஓம். ஓம். நடுவில் ஓர் இல்லை வந்தபோது கிருபானந்தன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடியில் அழுத்திக் கோடிட்ட இல்லை. அது அவர் எழுதியது. அதற்குப் பிறகும் ஓம்தான். பெட்டி முடிந்துவிட்டது.

மனைவியைப் பார்த்தார். அவள் கைப்பைக்குள் எதையோ தேடினாள்.

யோகராசாவும் சந்தோஷப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கிருபானந்தன் எழுந்து, திரும்ப எண்ணச் சொன்னார். எண்ணினார்கள். ஓர் இல்லைதான். அந்த இல்லை என்னுடையது, அப்படியென்றால் பெற்ற தாயின் வாக்கு எங்கே, அதையும் களவெடுத்துவிட்டீர்களா என்று கேட்டார். யோகராசா கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். கிருபானந்தன் நேரே திரேசம்மாவின் கதிரைக்கு முன்னால் போய் நின்றார்.

"எழும்பிச் சொல்லுங்கோ அக்கா. எல்லாருக்கும் முன்னாலை சொல்லுங்கோ, நீங்கள் என்ன போட்டனீங்கள்?"

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. திரேசம்மா எழும்பவில்லை. மடியிலிருந்த பையை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஒருத்தருக்கும் தெரியவராது எண்டு நீங்கள்தானே தம்பி சொன்னனீங்கள்."