பூனைக்குப் பிடித்த ஒரே ஆள்

மனிதர்களில் ஒரு வகை உண்டு: பூனைக்குப் பிடித்த ஒரே ஆள். எந்தக் கூட்டத்திலும் இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். முழங்காலுக்குக் கீழே பேன்ட்டில் சாம்பல் நிற ரோமம் ஒட்டியிருக்கும். "ஏதோ ஒட்டியிருக்கே சார்" என்று நீங்கள் நல்ல மனதோடு தட்டிவிடக் கையை நீட்டினால், பதக்கத்தைப் பறிக்க வந்தவனைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்த்து, ஓரடி பின்னால் நகர்ந்து, "இருக்கட்டும், இருக்கட்டும். நம்ம வீட்டுப் பூனை. யார்கிட்டயும் போகாது, என்கிட்ட மட்டும்தான்" என்பார். நீங்கள் கேட்டீர்களா? கேட்கவில்லை. ஆனாலும் சொல்வார்.

இந்த இனத்தின் சகல லட்சணங்களும் பொருந்திய ஒருவர் எங்கள் மாடி வீட்டில் இருக்கிறார். காப்பீட்டு அலுவலகத்தில் மேனேஜர். அங்கே இவர் நுழைந்தால் அத்தனை பேரும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்களாம். வீட்டில் இவர் நுழைந்தால் யாரும் தலையைக்கூடத் தூக்குவதில்லை, பூனையைத் தவிர. அது வாலை நெட்டுக்குத்தாகத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, கன்னத்தை இவருடைய கணுக்காலில் தேய்க்கும். மேனேஜர் அப்படியே நின்றுவிடுவார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. அவருக்குப் பின்னால் இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு அவர் மனைவி, அந்த அம்மாளுக்குப் பின்னால் தோளில் கேனோடு தண்ணீர் போடுகிறவர், அவருக்கும் பின்னால் மொட்டை மாடியில் துணி காயப்போட ஈரத்துணி வாளியோடு நான்.

"கொஞ்சம் நகருங்களேன், கை வலிக்குது!"

"உஷ்! அது அன்பா இருக்கு. கலைச்சுடாதே."

அன்புதான், யார் இல்லை என்றது? ஆனால் அந்தப் பூனை கதவையும் உரசும், செருப்பு அலமாரியையும் உரசும், துடைப்பத்தையும் கேஸ் சிலிண்டரையும் ஃபிரிட்ஜையும் சளைக்காமல் உரசும். இதைச் சுட்டிக்காட்டிப் பாருங்கள். "ஃபிரிட்ஜை அடிக்கடி திறக்கிறது யாரு? நான்தானே? என் கை பட்டிருக்கு, அதான்." வந்த விருந்தாளியின் காலை உரசினால்? "நீங்க என் பக்கத்துல உக்காந்திருந்தீங்கல்ல, அதான்." இழப்பீடு கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அது. நம்மால் ஜெயிக்க முடியுமா?

ஒருநாள் தடுப்பூசி போடப் பூனையைத் தூக்கிக்கொண்டு கணவனும் மனைவியுமாகப் போனார்கள். போன இடத்தில் மனைவி மெதுவாகக் கேட்டுவிட்டார்: "ஏன் டாக்டர், இது எல்லார் மேலயும் எல்லாத்து மேலயும் போய்ப் போய் உரசுதே, ஏன்?"

டாக்டர் அம்மாள் ஊசியைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "அதோட கன்னத்துலயும் நெத்தியிலயும் வாசனைச் சுரப்பி இருக்கும்மா. உரசி உரசித் தன் வாசனையை ஒட்டி வைக்குது. நம்ம மூக்குக்குத் தெரியாது. இதெல்லாம் எனக்குத் தெரிஞ்ச இடம், எனக்குத் தெரிஞ்ச ஆளுன்னு அதுக்கு ஒரு நிம்மதி. நீங்க வெளியில போய்ட்டு வந்தா மேல வேற வாசனை ஏறியிருக்கும்ல? அதான் வாசல்லயே பிடிச்சு மறுபடியும் தேய்க்குது."

"அப்போ துடைப்பம்?"

"துடைப்பமும் அதோடதுதான்."

தானும் துடைப்பமும் ஒரே வரிசை என்ற பகுதி மட்டும் மேனேஜரின் காதில் ஏறவே இல்லை. "கேட்டியா? நான் அதுக்குச் சொந்தம்! டாக்டரே சொல்லிட்டாங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவர், வாசலில் என்னையும் நிறுத்தி வைத்துச் சொன்னார்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. ஒரே மகள். பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே, "பூனையை நான் கூட்டிட்டுப் போறேன்பா" என்றாள். மழையில் நனைந்து கிடந்த குட்டியைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்தவளே அவள்தான். மேனேஜருக்கு முகம் தொங்கிப்போயிற்று.

"அது என்னை விட்டுட்டு இருக்காதும்மா. சாப்பிடாது, தூங்காது. ஏங்கிப் போயிடும்."

"யாரு, பூனையா?" என்றார் மனைவி.

பேச்சு வளர்ந்து பந்தயத்தில் வந்து நின்றது. பூனையைக் கூடத்தில் விடுவது, இருவரில் யாரிடம் போய் உரசுகிறதோ அவருக்கே அது சொந்தம். நடுவராக என்னைக் கூப்பிட்டார்கள். கூடத்தின் ஒரு கோடியில் தகப்பனார், அந்த வாரம் முழுக்கத் துவைக்கக் கொடுக்காமல் பத்திரப்படுத்திய கைலியோடு. மறு கோடியில் மகள். நடுவில் மூடாத பெட்டி. மனைவி சமையலறைக் கதவைத் திறந்தார்.

பூனை வந்தது. மேசைக் காலை உரசியது. அடுத்து என் காலை உரசியது. "நடுவரைச் சேர்த்துக்கக் கூடாது!" என்று மேனேஜர் பதறினார். பூனை அதற்குள் பெட்டிக்குப் போய்விட்டது. மூலையில் கன்னத்தைத் தேய்த்தது, உள்ளே குதித்தது, மேலாக இருந்த துணியில் முகத்தைப் புரட்டிப் புரட்டித் தேய்த்துவிட்டு அதன் மேலேயே சுருண்டு படுத்துக்கொண்டது.

"என் பெட்டி! நான்தான் ஜெயிச்சேன்!" என்று மகள் கத்தினாள்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "இரு, இரு. அது என்னோட கோடு போட்ட சட்டை! காலர் கிழிஞ்சது! பாத்தீங்களா சார்? பெட்டி யாரோடதா இருந்தா என்ன, வாசனை என்னோடது!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிக்கொண்டிருக்கும்போதே முகம் மாறியது. "ஆமா, என் சட்டை உன் பெட்டியில என்னம்மா பண்ணுது?"

மகள் தரையைப் பார்த்தாள். "அது... பூனைக்குத்தான்பா. புது இடம்ல? தெரிஞ்ச வாசனை இருந்தா ஏங்காது."

"யாரு, பூனையா?" என்றார் மனைவி மறுபடியும்.

மேனேஜர் குனிந்து, சட்டையின் கையை இழுத்துப் பூனை மேல் போர்த்திவிட்டார். "கூட்டிட்டுப் போம்மா. துணைக்கு ஆச்சு" என்று மட்டும் சொன்னார். நடுவர் தீர்ப்புச் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

அவள் கிளம்புகிற அன்று வண்டி வந்து நின்றது. மேனேஜர் பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்தார். பூட்டித்தான் இருந்தது. மறுபடியும் இழுத்துப் பார்த்தார். வண்டிக் கதவைத் தடவினார், டயரைக் காலால் தட்டினார், பூனைக் கூடையின் மூடியை அழுத்தினார், மகளின் தண்ணீர் பாட்டிலை வாங்கி இறுக்கி மூடித் திருப்பிக் கொடுத்தார், நேராகக் கிடந்த பை வாரை நேராக்கினார், கடைசியில் தோளில் கையைப் போட்டு அவள் தலைமேல் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். டிரைவர் ஹாரன் அடித்தார். "போதும், விடுங்க. உங்க வாசனை எல்லாத்து மேலயும் ஒட்டிடுச்சு" என்றார் மனைவி. சொல்லிக்கொண்டே தானும் மகளின் கன்னத்தைத் தடவினார். கூடைக்குள்ளிருந்து பூனை இதையெல்லாம், தொழில் தெரிந்தவர் புதிதாகக் கற்றுக்கொள்கிறவரைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தது.

பாவம் மேனேஜர் என்று சிரிக்கிறீர்கள். எங்கள் வீட்டில் பூனையே கிடையாது என்று தப்பிக்கவும் பார்க்கிறீர்கள். அதெல்லாம் சரி. போன தடவை பெற்ற பிள்ளையையோ கூடப் பிறந்தவரையோ வழியனுப்பப் போனீர்களே, ஒழுங்காக இருந்த சட்டைக் காலரைப் போய் எதற்குச் சரிசெய்தீர்கள்?