தொடக் கூடாத வில்

செஞ்சோவுக்கு அலுத்துவிட்டது. பூட்டானின் பாரோ பள்ளத்தாக்கில் பாதி ஆண்களைப் போல அவனும் மனைவி வீட்டோடு வந்து சேர்ந்தவன். வீடு யாங்டெனுடையது. வயல் யாங்டெனுடையது. மாடு யாங்டெனுடையது. சாணி மட்டும் அவனுடையது.

ஒரு காலை சாணிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தான். புத்தாண்டு வில் போட்டியில் இந்த வருடம் தானும் அம்பு விடுவது. வில் பிடித்தவனைச் சாணி அள்ளச் சொல்ல யாருக்கும் வாய் வராது. வில் வாங்க வக்கில்லை. வீட்டில் கிடக்கும் பழைய சாமான்களை வைத்துத் தானே செய்துகொள்வது.

யாங்டென் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"வில்லு செய்யப் போறேன். இனிமே சாணி, விறகு எதையும் தொடமாட்டேன். கை சுத்தமா இருக்கணும். படுக்கையும் கொட்டகைப் பரண்லதான்."

"ம்."

"நீ வில்லைத் தொடக் கூடாது. பொம்பளை கை பட்டா அம்பு போகாது."

"எங்க அண்ணன் ஊர் அணிக்கே தலைவர். எனக்கே சொல்லித் தர்றீங்களா?"

"வில்லு மட்டுமில்ல. அதைச் சேர்ந்த எதையும்."

காம்பு கிள்ளிய விரல்கள் நின்றன. "எதையுமா?"

"எதையும்."

"சரிங்க. நியாயந்தான்."

சண்டைக்குத் தயாராக வந்தவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

அதோடு விடவில்லை, அவள் உதவவும் ஆரம்பித்தாள். அவர்கள் ஊர் வில்லுக்கு இரண்டு மூங்கில் கைகள். நடுவில் ஒன்றாகச் சேர்த்துக் கட்ட வேண்டும். ஒரு கைக்கு மிளகாய் காயவைக்கும் பரணிலிருந்து அவளே ஒரு மூங்கிலை உருவித் தந்தாள். மறு கைக்கு வெண்ணெய் கடையும் கழி. ஒன்று கனம், ஒன்று மெலிவு. பரவாயில்லை என்று கட்டிவிட்டான். நாணுக்கு மாட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து வந்தாள். அம்பு முனைக்குக் கூரைத் தகட்டின் ஆணிகள். இறகுக்குச் சேவலைப் பிடித்து அவன் மடியிலேயே வைத்தாள்.

இவளுக்கு இவ்வளவு நல்ல மனசா என்று பரணில் படுத்தபடி நெகிழ்ந்தான்.

வில் முடிந்த மறுநாள் காலை மாடு கத்தியது. வெகுநேரம் கத்தியது.

"கறக்கலையா?"

"எப்படிங்க தொடுவேன்? அது கழுத்துல கெடந்ததுதானே உங்க நாண். இப்ப அது வில்லைச் சேர்ந்த மாடு."

"மாடு எப்படிம்மா வில்லைச் சேரும்?"

"எதையும்னு நீங்கதானே சொன்னீங்க."

கறந்தான். பிறகு வெண்ணெய் கடைந்தான். மிளகாயும் வில்லைச் சேர்ந்ததாகிவிட்டதால் அவனே காயவைத்து, அவனே கண்ணீரோடு சமைத்தான். கோழிகளுக்குத் தீனி வைத்தான். ஆணி பிடுங்கிய கூரை ஒழுக, ஏறி அடைத்தான். மாடு அவன் பொறுப்பென்றால் சாணி யார் பொறுப்பு என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

அணித் தலைவனான மச்சான் லேகியிடம் போய் முறையிட்டான். லேகிக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்க வீட்லகூட இவ்வளவு ஆசாரம் பாக்குறவ இல்ல மச்சான். கொடுத்து வச்சவன் நீ."

வீட்டுக்கு வந்து வில்லை யாங்டென் முன்னால் நீட்டினான். "தொட்டுடு தாயே. ஒரு விரல் போதும்."

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "ஐயோ, ஊர் மானம்! போட்டி முடியட்டும். உங்க அம்பு ஒண்ணுகூடக் குறிப் பலகைல படலைன்னா அப்புறம் இது வெறும் மூங்கில்தானே? நானே துணி காயப்போடுவேன்."

வாழ்நாளில் ஒரு தடவையாவது பலகையில் அடிக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை இருந்ததுண்டு. அந்த ஆசையை அன்றே கைகழுவினான்.

போட்டியன்று எதிர் ஊர்ப் பெண்கள் வழக்கப்படி வரிசையாக நின்று ஆடிப் பாடிக் கேலி செய்தார்கள்.

"பால் வாசனை வருதுடி! யாரது?"

"கறவைக்காரரே, பலகை அங்க இருக்கு! மடின்னு நெனச்சு இழுக்காதீங்க!"

ஊர் பார்க்கிறதே என்று நேராகத்தான் குறி வைத்தான். ஒவ்வொரு அம்பும் வலப்பக்கம் விலகிப் போய் மண்ணில் குத்தியது. ஒவ்வொரு தடவையும் நிம்மதியாக மூச்சு விட்டான். சாயங்காலம் இரண்டு ஊரும் சமமாக நின்றன. கடைசி அம்பு அவனுடையது.

இதில் தப்பு நடக்கக் கூடாது. பலகைக்கு நன்றாக இடப்பக்கம் ஒரு மரம் நின்றது. அதைப் பார்த்து நிதானமாகக் குறி வைத்து விட்டான்.

கனமும் மெலிவுமாகக் கட்டிய வில், வழக்கம்போல அம்பை வலப்பக்கம் தள்ளியது. அது பலகையின் நட்ட நடுவில் போய் நின்றது.

ஊரே ஆடியது. லேகி அவன் இடுப்பில், பலகையில் அடித்தவனுக்குரிய வண்ணத் துண்டைச் செருகிவிட்டு வில்லைத் தலைக்கு மேல் தூக்கினான். "அதிர்ஷ்ட வில்லு! இனி வருஷா வருஷம் நம்ம ஊருக்கு இதுதான். எந்தப் பொம்பளை கையும் இது மேல படக் கூடாது!"

யாங்டென் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கைகளைப் பின்னால் கட்டியிருந்தாள். மிளகாய்க் காரம் மறந்து மிருதுவாகிப்போன கைகள்.

"நல்லா விட்டீங்க," என்றாள். "ஒரு வில்லை மட்டும் நம்பி இருக்க முடியுமா? என் தறிக்கழி ஒண்ணு சும்மாதான் கெடக்கு. எடுத்துக்கங்க."