எதிரே வந்த ஏழுமலை

எனக்கு இடது கை எது, வலது கை எது என்று தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் இதை நம்புகிறவர்கள் இப்போது ரொம்பக் கம்மி.

பதினோரு வருடமாகக் கார் பந்தயம் ஓட்டுகிறேன். டூரிங் கார் பந்தயம் என்பார்கள். பெயரைக் கேட்டுவிட்டு எங்கள் ஊரான அடி அண்ணாமலையில் பாதிப் பேர், திருப்பதி போய்வர என்ன ஆகும் என்று என் அம்மாவிடம் விசாரித்திருக்கிறார்கள். (அம்மாவும் முதல் வருஷம் முழுக்க, "பையன் வந்ததும் கேட்டுச் சொல்றேன்"னுதான் சொல்லிட்டு இருந்தாங்க.) அது ரோட்டில் ஓடுகிற அதே கார்தான். உள்ளே இருக்கிற சீட், ஏசி எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஓட்டுகிறவனுக்கு மட்டும் ஒரு இருக்கையும், கவிழ்ந்தால் மண்டை உடையாமலிருக்க ஒரு இரும்புக் கூண்டும் வைத்திருப்பார்கள். இதிலேயே நீண்ட நேரப் பந்தயம் என்று ஒன்று உண்டு. நாலு மணி நேரம், ஆறு மணி நேரம் என்று ஒரே காரை இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். ஒருவர் பாதியில், தடத்தை ஒட்டி டீம் ஆட்கள் நிற்கும் பிட்டில் கொண்டுவந்து நிறுத்துவார். பெட்ரோல் ஊற்றி டயர் மாற்றி முடிப்பதற்குள் அடுத்தவர் ஏறி உட்கார்ந்துவிட வேண்டும். ஆக, ஒருத்தன் சொதப்பினால் இரண்டு பேர் மானமும் சேர்ந்தே போகும்.

நான் சொதப்பியபோது எனக்கு இருபத்து நாலு வயது. அதற்குள் சின்னப் பந்தயங்களில் இரண்டு கோப்பை வாங்கியிருந்தேன். அந்த இரண்டு கோப்பையை வைத்துக்கொண்டு நான் காட்டிய பந்தா கொஞ்சநஞ்சமில்லை. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில், வெளிநாட்டுக்காரர்கள் வந்து உட்காரும் ஒரு காபிக் கடைக்கு, சித்திரை மாத வெயிலில் டீம் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு போவேன். யாராவது இது என்ன ஜாக்கெட் என்று கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பேன். ஒரே ஒரு இத்தாலிக்காரர் கேட்டார், காய்ச்சலா என்று. அவரையும் விடாமல் பிடித்து உட்காரவைத்து முக்கால் மணி நேரம் என் பந்தயக் கதையைச் சொன்னேன்.

அந்த வருடம் ஒரு பெரிய டீமில், சீசனின் கடைசிப் பந்தயத்துக்கு மட்டும் எனக்கு இடம் கிடைத்தது. நாலு மணி நேரப் பந்தயம். ஒழுங்காக ஓட்டினால் அடுத்த சீசன் முழுவதும் இடம் உண்டு என்று மேனேஜர் சொன்னார். என்னோடு காரைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியவர் சேதுராமன். சென்னைக்காரர், வயது நாற்பத்தேழு, இருபது வருடத்துக்கு மேல் ஓட்டியவர். மற்றப் பந்தயங்களில் எவ்வளவோ ஜெயித்திருக்கிறார். ஆனால் நீண்ட நேரப் பந்தயத்தில் மட்டும் ஒரு தடவைகூட முதல் மூன்று இடத்துக்குள் வந்ததில்லை. ஒரு முறை எஞ்சின் போகும், ஒரு முறை டயர் வெடிக்கும். எப்படியாவது முதல் மூன்று பேரை ஏற்றும் அந்த மேடையில் ஒரு தடவை ஏறிவிட வேண்டும், ஏறினாலும் ஏறாவிட்டாலும் இதுதான் கடைசிப் பந்தயம் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

அவருடைய மனைவி வத்சலா அண்ணி, கல்யாணமான நாளிலிருந்து ஒரு பந்தயத்துக்கும் வந்ததில்லை. கடைசிப் பந்தயம் என்பதால் இதற்கு மட்டும் வந்திருந்தார். முதல் நாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏழுமலை, அவர் ஆசைப்பட்ட மாதிரி நல்லபடியா முடிச்சிட்டார்னா, இனிமே ஞாயித்துக்கிழமையாவது வீட்ல இருப்பார். நீதான்ப்பா பாத்துக்கணும்."

நான் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தேன். (அதே ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டுத்தான்.)

அந்தத் தடத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். அதுவரை நான் ஓட்டிய தடங்கள் எல்லாம் வலப்பக்கமாகச் சுற்றுகிறவை. இது மட்டும் இடப்பக்கமாகச் சுற்றும். நடுவில் மண்ணைக் கொட்டி வைத்த ஒரு பெரிய மேடு இருந்தது. ஓட்டும்போது அந்த மேடு எப்போதும் நம் இடது கைப் பக்கம் இருக்கும். இரண்டு நாள் பயிற்சியில் எனக்கு ஒரு பிரச்சினையும் வரவில்லை.

பந்தயத்தன்று காலை ஊரிலிருந்து ஒரு வேன் வந்தது. அதிலிருந்து அம்மா, நைனா, சொந்தக்காரர்கள் பன்னிரண்டு பேர், ஒரு அண்டா எலுமிச்சை சாதம் எல்லாம் இறங்கின. கார்கள் எஞ்சினைச் சூடாக்கிக்கொள்ள இரண்டு சுற்றுப் போயின. அதைப் பார்த்த அம்மா நேராக பிட்டுக்குள் வந்துவிட்டார். அத்தனை காவலைத் தாண்டி அவரை யார் உள்ளே விட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது.

"இன்னாடா இது, எல்லாரும் எடப்பக்கமா சுத்துறாங்க? எடப்பக்கம் எப்போ சுத்துவாங்கன்னு உனக்குத் தெரியாதா?" என்றார்.

தெரியும். எங்கள் வீடு கிரிவலப் பாதையிலேயே இருக்கிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி எங்கள் வாசல் வழியாக ஊர் உலகமே நடந்து போகும். அத்தனை பேருக்கும் மலை வலது கைப் பக்கம்தான் இருக்கும். இடப்பக்கம் சுற்றுவது சாவுக் காரியத்தில் மட்டும். பெற்ற பிள்ளை ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் அப்படிச் சுற்றப் போகிறான் என்றதும் அம்மாவின் முகமே வெளுத்துவிட்டது. மேனேஜரிடம் போய், இன்னிக்கி ஒரு நாள் மட்டும் எல்லாரையும் அந்தப் பக்கமாக ஓட்டச் சொல்லக் கூடாதா என்று கேட்டார். மேனேஜர் மரியாதையான மனிதர். மேலிடத்தில் சொல்லிப் பார்ப்பதாகச் சொன்னார்.

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. டீமில் அத்தனை பேருக்கும் கேட்கும்படி அம்மாவுக்கு ஒரு பிரசங்கம் செய்தேன். இங்கே மலையும் கிடையாது, சாமியும் கிடையாது, வலமோ இடமோ மூளை சொன்னபடி கை கேட்கும், அதற்குப் பெயர்தான் பயிற்சி என்றேன். அம்மா என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டுப் போய்விட்டார்.

முதல் இரண்டு மணி நேரம் சேது அண்ணா ஓட்டினார். எட்டாவது இடத்தில் கிளம்பியவர், ஒவ்வொருவராகத் தாண்டி மூன்றாவது இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். காரை விட்டு இறங்கியபோது வேர்வையில் நனைந்து, நிற்கக்கூட முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"மூணாவது இடம் போதும் தம்பி. புதுசா ஒண்ணும் செய்யாதே."

முக்கால் மணி நேரம் நான் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. அப்புறம் எனக்கு முன்னால் இரண்டாவது இடத்துக்காரனின் கார் தெரிந்தது. அவனைப் பிடி என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மூன்றாவது என்பதைவிட இரண்டாவது என்றால் காபிக் கடையில் சொல்ல இன்னும் நன்றாக இருக்குமே என்று ஒரு நப்பாசை. ஒரு வளைவில் அவனுக்கு வெளிப்பக்கமாகப் போகப் பார்த்தேன். சக்கரம் மண்ணில் இறங்கியது. கார் எத்தனை முறை சுழன்றது என்று எனக்குத் தெரியாது, எண்ணுகிற நிலையில் நான் இல்லை. நின்றபோது எஞ்சின் அணைந்திருந்தது, சுற்றிலும் புழுதி. அதற்குள் பின்னால் வந்த கார்கள் எல்லாம் என்னைத் தாண்டிப் போய்விட்டன, புழுதியில் எனக்கு அது தெரியவில்லை.

எஞ்சினைக் கிளப்பினேன். புழுதி லேசாக விலகியது. முதலில் கண்ணில் பட்டது அந்த மேடுதான்.

அந்த நொடியில் நான் ஒன்றும் யோசிக்கவில்லை என்று சத்தியம் செய்யத் தயார். நடக்கப் பழகிய நாளிலிருந்து ஒரு மலையை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டே சுற்றிய உடம்பு, தானாகவே ஸ்டீயரிங்கைத் திருப்பியது. மேடு வலப்பக்கம் வந்ததும் மனசுக்குள் அப்பாடா என்று ஒரு நிம்மதி. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன்.

அன்றைக்குத்தான் நான் என் வாழ்க்கையிலேயே நன்றாக ஓட்டுவதாக நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒருத்தனும் இல்லை. எல்லோரையும் இவ்வளவு தூரம் விட்டுவிட்டேனா என்று எனக்கே ஆச்சரியம். ஓரத்தில் நின்ற ஆட்கள் கையில் இருந்த கொடிகளையெல்லாம் ஆட்டிக்கொண்டு குதித்தார்கள். பாராட்டுகிறார்கள் என்று நினைத்து ஒருவருக்குப் பதிலுக்குக் கைகூடக் காட்டினேன். (மானங்கெட்டவன்.) ரேடியோவில் மேனேஜர் என்னவோ கத்தினார், புரியவில்லை. பிறகு அதில் சேது அண்ணாவின் குரல் கேட்டது. மெதுவாகத்தான் பேசினார்.

"தம்பி, ஓரமா நிறுத்து. நீ எதிர்ல வர்றே."

யாருக்கு எதிரில் என்று நான் கேட்டேன். கேட்டு வாயை மூடுவதற்குள் வளைவில் நாலு கார்கள் வரிசையாக என் மூஞ்சிக்கு நேரே வந்தன. எனக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று பிய்த்துக்கொண்டு போயின. புல்லில் காரை ஏற்றி நிறுத்திவிட்டேன். பந்தயத்தையே சிவப்புக் கொடி காட்டி நிறுத்தினார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை, அந்த அண்ணாமலையார் புண்ணியம்.

எங்கள் காரைப் பந்தயத்திலிருந்தே நீக்கிவிட்டார்கள். மேலே பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்த என் சொந்தக்காரர்களோ, எல்லாரிலும் நம்ம ஏழுமலை ஒருத்தன்தான் சரியாகச் சுற்றுகிறான் என்று எழுந்து நின்று கைதட்டியிருக்கிறார்கள். அம்மா மட்டும் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். மேனேஜர் என்னிடம், அடுத்த வருடம் அல்ல, இந்த ஜென்மத்திலேயே இடம் இல்லை என்றார். நான் டயர் ஏற்றி வந்த லாரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். அங்கிருந்து பார்த்தால் சேது அண்ணா ஒரு டயர் மேல் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. கோபப்படவில்லை. இருபது வருடம் ஓட்டியவர், கடைசியில் இப்படி உட்காரும்படி ஆகிவிட்டதே. பக்கத்தில் நின்ற வத்சலா அண்ணி நான் ஒளிந்திருந்த பக்கம் ஒரே ஒரு தடவை பார்த்தார்.

அம்மா ஒரு தட்டில் எலுமிச்சை சாதத்தோடு அவர்களிடம் போனார்.

"தம்பி, தப்பு என்மேலதான். காலைல நான் போய் அவன் காதுல போடாம இருந்திருந்தா, அவன் பாட்டுக்கு ஒழுங்கா ஓட்டியிருப்பான்."

பிறகு, நீங்க எத்தனை சுத்து சுத்தினீங்க என்று விசாரித்தார். அறுபத்தெட்டு என்றார் அண்ணா. அப்படியானால் அறுபத்தெட்டையும் வலப்பக்கமாகச் சுற்றிக் கழித்தாக வேண்டும், நாளைக்கே கிரிவலம் வாருங்கள் என்றார் அம்மா. சேது அண்ணா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். ஒரு சுற்றே பதினாலு கிலோமீட்டர் என்று தெரிந்ததும், முட்டி வலியைக் காட்டிப் பேரம் பேசினார். கடைசியில் ஒரே ஒரு சுற்றும், எங்கள் வீட்டில் சாப்பாடும் என்று முடிவாயிற்று.

மறுநாள் காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டு வாசலிலிருந்து வெறுங்காலோடு கிளம்பினோம். முன்னால் அம்மா, பிறகு சேது அண்ணாவும் அண்ணியும், அவர்களுக்குப் பத்தடி பின்னால் நான். வாயு லிங்கம், குபேர லிங்கம் எல்லாம் தாண்டி, டவுனுக்குள் போய்ப் பெரிய கோயில் வாசலில் கும்பிட்டுவிட்டு, செங்கம் ரோட்டுக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. உள்ளங்கால் எரிய ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். பாதி டீ குடித்ததும் சேது அண்ணா வாயைத் திறந்தார்.

"வத்சலா, கடைசி ரேஸ் என்னாச்சுன்னு யாராவது கேட்டா, எங்க கார் எதிர்ல போயிடுச்சுன்னா சொல்றது? இப்படி முடிக்க மனசு வரல. இன்னும் ஒரே ஒரு வருஷம்."

அண்ணி டீ கிளாஸைக் கீழே வைத்தார். அம்மா சட்டென்று மலையைப் பார்த்துக் கும்பிட ஆரம்பித்துவிட்டார். சேது அண்ணா அதோடு நிறுத்தியிருக்கலாம். ஓட்டினால் ஏழுமலையோடுதான் ஓட்டுவேன், கெட்ட பேர் இவனோடு வந்தது, இவனோடேயே போகட்டும் என்றும் சொல்லிவிட்டார். சொன்னபடியே மேனேஜரிடம் போய், அவன் இல்லையென்றால் நானும் இல்லை என்று ஒற்றைக் காலில் நின்றார். என் தொழில் அப்படித்தான் பிழைத்தது. அந்த டீக்கடையில் நான் அழுதேன், அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

அடுத்த வருடமே நாங்கள் இரண்டாவது இடம் வந்தோம். அண்ணா மேடையில் ஏறி நின்றார். அண்ணி ஸ்வீட் எல்லாம் வாங்கி வைத்திருந்தார். ஆனால் இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டு ஓட்டி, அதில் நல்லபடியாக முடித்தால்தான் கணக்கு என்று அண்ணா ஒரு புதுச் சட்டம் போட்டுவிட்டார். அப்படிச் சொல்லிவிட்டு ஓட்ட அவருக்குப் பயம். அதனால் இன்றுவரை அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. இப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறு. எங்கள் ஊரிலும் நான் தெருவில் காரை ரிவர்ஸ் எடுத்தால், போறியா வர்றியா என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. கல்யாண வீட்டில் யாருக்காவது நான் வழி சொன்னால், எதற்கும் இருக்கட்டும் என்று அம்மாவிடமும் ஒரு தடவை கேட்டுக்கொள்கிறார்கள்.

போன மாதம் சேது அண்ணாவின் மகளுக்குக் கல்யாணம். பந்தியில் என்னைச் சம்பந்தி வீட்டாருக்கு நடுவில் உட்காரவைத்து, எங்க வீட்டுக்காரர் இன்னும் ரிடையர் ஆகாததற்கு இவன்தான் காரணம் என்று அண்ணி அறிமுகப்படுத்தினார். சம்பந்தியம்மா மரியாதைக்கு, அப்படி என்ன செய்தார் என்று கேட்டுவிட்டார். அண்ணி கொடி, புழுதி, நான் கை காட்டியது ஒன்றையும் விடாமல் சொன்னார். பந்தியில் அந்த வரிசையே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அண்ணி சொன்னார்:

"அன்னைக்கு மட்டும் இவன் ஒழுங்கா ஓட்டியிருந்தா, ஒன்பது வருஷமா ஞாயித்துக்கிழமை என் புருஷனோட உக்காந்து சாப்ட்டிருப்பேன்."

சேது அண்ணா எதிர் வரிசையில் உட்கார்ந்து, புது மாப்பிள்ளைக்கு இலையில் விரலால் ஒரு வளைவை வரைந்து காட்டிக்கொண்டிருந்தார். அண்ணி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் இலையில் இன்னொரு ஜாங்கிரியை வைத்துவிட்டு, அடுத்த ரேஸ் எப்போது, அவர் சொல்ல மாட்டேன் என்கிறார் என்று கேட்டார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை அண்ணி" என்றேன்.