ஏத்தி இறக்குற பெட்டி

ஓசாகாவில் எட்டு நாள் நிம்மதியாக இருந்துவிட்டு வருவது என்று நிக்கனோர் முடிவு கட்டியிருந்தார். அதற்கு ஒரே ஒரு தடை. கறுப்பாக, ஒரு முழ நீளத்தில், மனைவி ரெமெடியோஸின் பெட்டியில் துணிகளுக்கு மேலே மல்லாந்து படுத்திருந்தது. பாட்டு மைக். டி.வி.யில் இணைத்தால் நாலாயிரம் பாட்டு.

பிலிப்பைன்ஸில் அவர்களுடைய இலோயிலோ ஊரில் பாடாதவர்கள் கிடையாது. ரெமெடியோஸும் பாடுவாள். ஆறு கட்டைக்கு ஏறிவிட்டால் இறங்க வழி தெரியாமல் அங்கேயே நிற்பாள். ஓசாகாவில் வாழ்க்கைப்பட்டிருக்கும் தங்கை டெல்ஃபினாவுக்கு ஐம்பதாவது பிறந்தநாள். அக்காளும் தங்கையும் சேர்ந்து பாடிப் பதினோரு வருஷம் ஆகிறது. அத்தனை வருஷப் பாட்டையும் எட்டே நாளில் பாடித் தீர்ப்பார்கள் என்பது நிக்கனோரின் கணக்கு.

பாடாதே என்று சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. கல்யாணமான நாளிலிருந்தே இல்லை. ஆனால் மனிதர் எலக்ட்ரிகல் கடைக்காரர். வாய் எட்டாத இடத்தில் வோல்டேஜ் எட்டும் என்று நம்பினார்.

"ரெமி, அந்த மைக்கை எடுத்து வெளியே வை. ஜப்பான்ல ஓடாது."

"ஏன், ஜப்பான்காரங்க பாட மாட்டாங்களா?"

"அங்கே நூறு வோல்ட். இங்கே இருநூத்தி இருபது."

"பிளக் நுழையுமே? அங்கேயும் இதே ரெண்டு தட்டைக் கம்பிதானாம். டெல்ஃபினா சொன்னா."

"நுழையும். அதுதான் ஆபத்து! நுழையறதெல்லாம் ஓடும்னா நான் எதுக்குக் கடை வெச்சிருக்கேன்?"

மைக்கின் சார்ஜர் வயிற்றில் எறும்பு சைஸ் எழுத்தில், நூறிலிருந்து இருநூற்று நாற்பது வோல்ட் வரை என்று எழுதியிருந்தது. அதாவது எந்த நாட்டுச் சுவரிலும் கவலையில்லாமல் சொருகலாம். இது நிக்கனோருக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரேயடியாக முடித்துவிட, கடையிலிருந்த பெரிய டிரான்ஸ்பார்மரைத் தூக்கி வந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தார். தட்டுகள் குதித்தன.

"இது இருந்தாத்தான் ஓடும். நூறை இருநூத்தி இருபதா ஏத்தும். திருப்பிப் போட்டா இறக்கும். ஏத்தி இறக்குற பெட்டி. ஆயிரம் வாட். ஆறரை கிலோ! யார் ஏத்தி இறக்கறது?"

"நீங்கதான்," என்றாள் ரெமெடியோஸ். "கையில கொண்டுபோற பைக்கு ஏழு கிலோ விடறாங்களே."

"அதுல என் துணி இருக்கு!"

"இன்னும் அரை கிலோ இடம் இருக்கே. உங்க ஜட்டி என்ன இரும்பா?"

நிக்கனோர் அவசரமாகப் பின்வாங்கினார். "வந்து... கடையில ஒரு சின்னப் பெட்டியும் இருக்கு. ஒரு கிலோதான். மைக்குக்கு அதுவே போதும்."

"மைக்குக்குப் போதும். என் குரலைத் தாங்குமா?"

அந்தக் குரலின் பலம் அவருக்கே நன்றாகத் தெரியும். துணிகளை எடுத்துவிட்டுப் பெரிய பெட்டியையே பையில் வைத்தார்.

மூன்று சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு கிளம்பினார். மணிலா விமான நிலையத்தில் பையைத் திறக்கச் சொன்னார்கள்.

"என்ன சார் இது?"

"என் சம்சாரத்தோட குரல்."

அதிகாரியும் கல்யாணமானவர் போலிருக்கிறது. ஒன்றும் கேட்காமல் விட்டுவிட்டார்.

ஓசாகாவில் ரயிலில் ஏற்றினார், இறக்கினார். மறுபடி ஏற்றினார். டெல்ஃபினா வீடு லிஃப்ட் இல்லாத நாலாவது மாடி. மூன்றாவது மாடியில் அவருக்குப் படி தடுக்கியது.

"பாத்து, பாத்து! அடிபட்டுடப் போகுது," என்றாள் ரெமெடியோஸ் பின்னாலிருந்து.

"எனக்கா?"

"பெட்டிக்கு."

கதவு திறந்தது. சகோதரிகள் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஒருத்தி கன்னத்தை ஒருத்தி தடவித் தடவிப் பார்த்தார்கள். இதைப் பார்க்க இன்னும் ஒரு மாடி ஏறச் சொன்னாலும் ஏறலாம் என்று நிக்கனோருக்கே ஒரு நிமிஷம் தோன்றியது.

பிறகு டெல்ஃபினா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் கையிலிருந்த பெட்டியைப் பையோடு கட்டிக்கொண்டாள்.

"அத்தான்! கொண்டுவந்துட்டீங்களா! நீங்க மனுஷரே இல்லே, தேவதூதர்!"

"இது... மைக்குக்கு..."

அவள் எங்கே கேட்டாள்? அவரைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். அலமாரி உச்சியில், பிளாஸ்டிக் பை சுற்றி, தேங்காய் துருவுகிற மெஷின் ஒன்று இருந்தது.

"வரும்போது ஊர்லேருந்து கொண்டுவந்தது. பிளக் அழகா நுழைஞ்சுது அத்தான். ஆனா சரியா சுத்த மாட்டேங்குது. ஈ வந்து உக்காந்தாக்கூட நின்னுடும். நூறு வோல்ட்டு அதுக்குப் பத்தலையாம், ஆயிரம் வாட் பெட்டி வேணுமாம். போன மாசமே அக்காகிட்ட சொல்லியிருந்தேன். பதினோரு வருஷமா கையாலேயே துருவித் துருவி, ஊர்ப் பலகாரமே மறந்துபோச்சு."

பேச்சை முடிக்காமலே பெட்டியைச் சுவரில் சொருகினாள். மெஷினைப் பெட்டியில் சொருகினாள். அது ஒரு உறுமல் உறுமிச் சுற்றத் தொடங்கியதும் சின்னப் பெண் மாதிரி கைதட்டினாள்.

அந்த உறுமலையும் தாண்டிக் கூடத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. ஆறு கட்டை.

நிக்கனோர் ஓடினார். மைக்கின் சார்ஜர் நேராகச் சுவரில் இருந்தது. நடுவில் ஒரு பெட்டியும் இல்லை. புகையும் இல்லை. ரெமெடியோஸ் சோபாவில் சாய்ந்து, கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள்.

"ரெமி! உனக்கு... தெரியுமா?"

"நூத்துலேருந்து இருநூத்தி நாப்பது. அன்னிக்கே படிச்சுட்டேன்."

"அப்போ என்னை எதுக்குத் தூக்கவிட்டே? தங்கச்சிக்கு வேணும்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

ரெமெடியோஸ் மைக்கை வாயிலிருந்து எடுக்காமலே பதில் சொன்னாள். நாலு மாடிக்கும் கேட்டது.

"தங்கச்சிக்காகன்னா முதுகுவலின்னிருப்பீங்க. சொன்ன பொய்யைக் காப்பாத்தணும்னாத்தான், எத்தனை கிலோன்னாலும் தூக்குவீங்க."