பனிக்கடலுக்குப் பறந்த பொம்மை

மற்ற ஊர்களில் சாமிக்குப் பூ வைப்பார்கள், பழம் வைப்பார்கள். எங்கள் ஜலந்தர் பக்கத்தில் வெளிநாடு போக வேண்டிக்கொண்டு பொம்மை விமானம் வைப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விமான பாபாவின் ஆசிரமத்துக்கு வந்து பாருங்கள், கால் வைக்க இடம் இருக்காது. டிராக்டரில் வருவார்கள், பேருந்தில் வருவார்கள், ஆங்கிலப் பரீட்சை வகுப்பு முடிந்த கையோடு ஓடி வருவார்கள். ஆளுக்கொரு பொம்மை விமானத்தை வாசல் கடையில் வாங்கிப் பாபாவின் காலடியில் வைப்பார்கள். அவர்கள் வெளியே வந்து செருப்பைத் தேடுவதற்குள் அது பின்வாசல் வழியாகக் கடைக்குத் திரும்பிவிடும். அந்தக் கடை விமானங்கள் அளவுக்குப் போய்வந்த விமானம் எந்த நாட்டிலும் இல்லை.

பாபா முன்னே கல்யாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர். ஒருநாள் கனவில் ஒரு விமானம் வந்து இறங்கியதாம். அன்றோடு ஒலிபெருக்கித் தொழிலை மூடிவிட்டார். பழைய சாமான்களை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

அவருடைய அற்புதம் இதுதான். வெல்வெட் துணி போர்த்திய மேசை. மேலே கனடா வரைபடம். பாபா ஒரு தகர விமானத்தை நூலில் கட்டி விரலில் தொங்கவிடுவார். கனடாவில் ஒவ்வொரு மாகாணமும் தனக்கு வேண்டிய நர்சையும் வெல்டரையும் சமையல்காரரையும் தானே தேர்ந்தெடுத்து, நிரந்தரமாகக் குடியமர்த்திக்கொள்கிறது அல்லவா? எந்த மாகாணம் யாருக்கு என்று விமானம் மூக்கால் காட்டும். அந்த மாகாணத்தில் வேலை பிடித்துத் தருபவர் பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிறார். பாபாவின் மைத்துனர். அவர் பலகையில் ‘நோவா ஸ்கோஷா’ என்ற ஒரே மாகாணத்தின் பெயர்தான் எழுதியிருக்கும். பாபாவின் விமானத்துக்கும் வேறு மாகாணம் தெரியாது. இந்த ஒற்றுமையையும் பக்தர்கள் அற்புதக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

எங்கள் தெரு கர்னைல் சிங்கின் மருமகள் லவ்லீன் நர்ஸ். ராத்திரி வேலைக்கும் போய்க்கொண்டு படித்துப் பரீட்சை எழுதினாள். சஸ்காச்சுவான் என்ற மாகாணம் அவளைப் பெயர் சொல்லி அழைத்தது. குறித்த தேதிக்குள் சம்மதம் சொல்லி விண்ணப்பத்தை அனுப்பவேண்டும், அவ்வளவுதான். கர்னைல் சிங் என்ன செய்தார்? பாபாவிடம் ஓடினார். விமானம் வரைபடத்தின் கீழ்மூலையில் இருக்கும் நோவா ஸ்கோஷாவைக் காட்டியது. “சஸ்காச்சுவான் வேண்டாம், விட்டுடு” என்று வீட்டுக்கு வந்து மருமகளிடம் தீர்ப்புச் சொல்லிவிட்டார். வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியையே விமானம் மாதிரி கட்டியவர் அவர், வேறு என்ன சொல்வார்?

கடைசி நாளும் வந்தது. அது ஞாயிற்றுக்கிழமை.

“மாமா, ஒரே ஒரு தடவை மறுபடி கேட்டுப் பாக்கலாம். அப்பவும் பாபா சொன்னதுதான் சரின்னா விட்டுடறேன்” என்றாள் லவ்லீன்.

“இதுதாம்மா நல்ல பிள்ளைக்கு அழகு” என்று கர்னைல் சிங் குளிர்ந்துபோனார்.

வரிசையில் அவர்களுக்கு முன்னால் ஒரு வெல்டர். அவருக்கு நோவா ஸ்கோஷா. அடுத்து ஒரு லாரி ஓட்டுநர். அவருக்கும் அதே.

“எல்லாருக்கும் அதே மூலையா மாமா?”

“வாயை மூடு. பாபா காதுல விழப்போகுது.”

அவர்கள் முறை வந்தது. பாபா கையை உயர்த்தினார். “எல்லாரும் கண்ணை மூடிக்குங்க! நானும் மூடிக்கறேன். பார்த்துச் செஞ்சா அது மனுஷன் வேலை. பாக்காம செஞ்சா அது தெய்வ வேலை!”

அத்தனை பேரும் கண்ணை மூடினார்கள். லவ்லீன் மட்டும் மூடவில்லை. நோயாளியின் படுக்கை விரிப்பை மாற்றுகிற மாதிரி சத்தமில்லாமல் வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டாள்.

விமானம் ஆடியது, சுற்றியது, பழைய மூலைக்கே போய் மூக்கைக் கவிழ்த்து நின்றது.

“நோவா ஸ்கோஷா!” என்று முழங்கினார் பாபா.

“பாபாவுக்கு ஜே!” என்றது கூட்டம். பிறகுதான் கண்ணைத் திறந்தது.

விமானம் வடதுருவப் பனிக்கடலின்மேல் நின்றுகொண்டிருந்தது.

“பாபாஜி, இங்க நர்ஸ் வேலை இருக்குங்களா? இல்ல, கரடிக்கு ஊசி போடணுமா?” என்று கேட்டாள் லவ்லீன்.

பாபாவுக்கு வேர்த்தது. ஆனால் பக்தர்கள் கைவிடுவார்களா? பின்னாலிருந்து ஒருவர், “அங்கேயும் புதுசா ஆள் எடுக்கறாங்க போலிருக்கு! பாபாவுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு!” என்றார். இரண்டு பேர் பனிக்கடலுக்கு என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று விசாரிக்கவே தொடங்கிவிட்டார்கள்.

“மாமா, அந்த மூலைக்கு அடியில துணிக்குள்ள கையை விட்டுப் பாருங்க” என்றாள் லவ்லீன்.

“தொடாதே!” என்று பாபா கத்துவதற்குள் கர்னைல் சிங் கையை விட்டுவிட்டார். ‘டக்’ என்று ஒரு சத்தம். அவர் மணிக்கட்டில் போட்டிருந்த இரும்புக் காப்பு மேசையின் அடியில் ஒட்டிக்கொண்டது. இழுத்தார், வரவில்லை. பலங்கொண்டமட்டும் இழுத்ததில் மேசையே கவிழ்ந்தது. அடியில் கறுப்பாக, தட்டு அகலத்தில், பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம்!

“அடப்பாவி! என் மகன் கல்யாணத்துல பாட்டுப் போட்ட ஒலிபெருக்கிடா இது!” என்று அலறினார் கர்னைல் சிங்.

பக்கத்துக் கட்டடத்தில் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. மைத்துனருக்குக் காது கூர்மை.

லவ்லீன் அங்கேயே, கவிழ்ந்த மேசைமேல் உட்கார்ந்து, போனை எடுத்து விண்ணப்பத்தை அனுப்பினாள். போனதாகப் பதில் வந்தபிறகுதான் எழுந்தாள். இத்தனை வருஷப் படிப்பு ஒரு தகரப் பொம்மையால் போயிருக்குமே!

“முன்னாடியே சொல்லக்கூடாதாம்மா?” என்றார் மாமனார், காப்பைத் தடவிக்கொண்டு.

“சொன்னேன் மாமா. நீங்க பொம்மை பேச்சைக் கேட்டுக்கிட்டிருந்தீங்க.”

அடுத்த ஞாயிறு ஆசிரமம் காலி. திருந்திவிட்டார்கள் என்று நினைத்தேன். பக்கத்து ஊரில் யாரோ ஒருவர் காற்றாடி விட்டு ஆஸ்திரேலியாவுக்கு வழி சொல்கிறாராம், எல்லாரும் அங்கே வரிசையில் நிற்கிறார்கள்.

பாபா கண்ணை மூடியதில் அவருக்குப் பிழைப்பு நடந்தது. நீங்கள் எதற்கு ஐயா மூடினீர்கள்?