அறுபது டப்பாவும் ஏறாத ரத்தமும்

எல்லாரும் சௌக்கியம்தானே? சுகர், பிரஷர் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறதா? மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள், பெர்னதெத்தின் சங்கதியைச் சொல்கிறேன்.

அல்சூர் மார்க்கெட்டில் அன்றைக்கு பீன்ஸ் கிலோ நூற்றிருபது. பையை விரித்துப் பிடித்தபடி, வாங்கலாமா வேண்டாமா என்று பெர்னதெத் தவித்துக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. வைட்ஃபீல்ட் கம்பெனி மேனேஜர் ஹரிஷ்குமார்.

"ஆன்ட்டி, ஒரு மாசம் ஆச்சு. பிளட் டெஸ்ட்ல யாருக்கும் ஒரு பாயிண்ட் கூட ஏறல."

விஷயம் இதுதான். அந்த ஆபீசில் பாதிப் பேருக்கு ரத்தம் குறைவு என்று டாக்டர் சொல்லிவிட்டார். உடனே கம்பெனி, டப்பாவுக்கு எண்பது ரூபாய் தன் கையிலிருந்து கொடுத்து, அறுபது பேருக்கு இலவசமாகச் சத்தான மதியச் சாப்பாடு போட ஆரம்பித்தது. சமையல் பெர்னதெத். மூன்று மாதத்தில் ரத்தம் ஏறினால் வருஷ கான்ட்ராக்ட். ஏறாவிட்டால் அடுப்பை அணைத்துவிட்டு, அத்திபெலேயில் நாத்தனார் வீட்டு மாடிக்குக் குடிபோக வேண்டியதுதான். பெர்னதெத் போடும் காபியை இருபத்தாறு வருஷமாக மோந்து பார்த்துவிட்டுக் குடிக்கிற நாத்தனார்.

பீன்ஸை வாங்கினாள். பீட்ரூட்டும் வாங்கினாள். ஆளுக்கொரு முட்டை வைத்தாள். எண்பது வாங்கித் தொண்ணூற்றைந்து செலவழித்தாள்.

புருஷன் சிரில் சும்மா இருப்பாரா? சோற்றைக் குறைத்தால் செலவு சரியாகிவிடும் என்றார். குறைத்தாள். மறுநாளே டப்பா எடுத்துப் போகிற வேன் டிரைவர் வந்து சொன்னான், சோறு பத்தவில்லையாம், சண்டையாம். நாற்காலியோடு ஒட்டிக்கிடக்கிறவர்களுக்கு இப்படியும் பசிக்குமா! முன்பைவிட அள்ளி வைத்தாள். சோறு கூடியதால் குழம்பும் கூடியது. குழம்பு கூடியதால் முட்டை போயிற்று. இரண்டாம் மாதமும் ரத்தம் அசையவில்லை.

அவளுக்கு இருப்பே கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் பிரசங்கம் செய்ய, இவள் முருங்கைக்கீரைக் கட்டை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ராகியில் வந்து நின்றாள். களி உருண்டை, முருங்கைக்கீரை, கொள்ளுச் சாறு, வேர்க்கடலைச் சட்னி. சத்துக்குச் சத்து, ஐம்பது ரூபாய்க்குள் டப்பா அடங்கிவிட்டது. சிரில்தான் பதறினார்.

"களியா? லட்ச ரூபா சம்பளக்காரனுங்களுக்குக் களி குடுத்தா, டப்பாவ உம் மூஞ்சிலயே வீசுவானுங்க."

"வீசட்டும். தின்னுட்டு வீசட்டும்."

ஆனாலும் ஒரு சந்தேகம். களியை மென்றால் பல்லெல்லாம் அப்பிக்கொள்ளுமே. 'கிள்ளி, சாற்றில் தோய்த்து, மெல்லாமல் விழுங்கவும்' என்று மூன்று பாஷையில் எழுதி மூடிக்கு மூடி ஒட்டினாள். அறுபது டப்பாவும் வழித்துத் துடைத்தது போல் காலியாகத் திரும்பின. அன்றைக்கு மட்டுமில்லை, தினமும்.

மூன்றாம் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை ஹரிஷ்குமார் கூப்பிட்டனுப்பினார். மெட்ரோவில் ஜெபமாலை உருட்டிக்கொண்டே போனாள்.

"ஏறல ஆன்ட்டி. நாலு பேருக்கு இறங்கியிருக்கு."

டப்பா காலியாகத்தானே வருகிறது தம்பி, சாப்பிட்டதெல்லாம் எங்கே போகிறது என்று பெர்னதெத் மன்றாடினாள். அவர் இன்னொரு தாளை எடுத்து முன்னால் வைத்தார். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் ஆட்களுக்கும் கூடவே டெஸ்ட் எடுத்து வந்தார்களாம். அதில் ஒருத்தர் பாக்கியில்லாமல் ரத்தம் கிடுகிடுவென்று ஏறியிருந்தது.

"இவங்களுக்கு நாங்க ஒரு வேளைச் சோறுகூடப் போடல ஆன்ட்டி. நாள் பூரா நடக்கறாங்க, அவ்ளோதான். சாப்பாட்டுக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமே இல்லன்னு மேல முடிவு பண்ணிட்டாங்க. திங்கக்கிழமைலேருந்து டப்பா நிறுத்தம். அந்தக் காசுல ஜிம் வைக்கிறோம்."

டீ கொண்டுவந்த ஹவுஸ்கீப்பிங் முனிரத்னம்மா, கப்பை வைத்த பிறகும் போகாமல் நின்றாள்.

"சார், டப்பாவ மட்டும் நிறுத்திடாதீங்க. உங்க ஆளுங்க அத முப்பது ரூபாய்க்கு எங்களுக்கு வித்துட்டுத்தான் பிட்சா வாங்கித் திங்கறாங்க. வேணும்னா நாப்பதா குடுக்கறோம்."

உங்கள் ஆபீஸ் டப்பா யார் வயிற்றுக்குப் போகிறது? விசாரித்து எனக்கு நாலு வரி எழுதுங்கள்.